லவுஞ்சில் டிப்ஸ்: ஓரிடத்தில் கொடுக்காமல் அவமானம், இன்னோரிடத்தில் கொடுத்து அவமானம்

கேள்வி: எழுபது வயதைத் தாண்டிய என் அம்மாவை அழைத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்வந்தேன். போகும்போது அமெரிக்காவில் விமானம் மாற நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. என் கிரெடிட் கார்டுக்கு லவுஞ்ச் (விமான நிலையத்தில் சாப்பிட்டு ஓய்வெடுக்கும் தனி இடம்) வசதி உண்டு என்பதால் வாழ்க்கையில் முதல் முறையாக உள்ளே போனோம். அம்மாவை வீல்சேரில் தள்ளி வந்தவர் லவுஞ்ச் வாசலில் விட்டுவிட்டு ஒரு நிமிடம் அப்படியே நின்றார். நன்றி சொல்லி அனுப்பிவிட்டேன். உள்ளே பாரில் இரண்டு ஆரஞ்சு ஜூஸ் கேட்டேன். மேசையில் ஒரு கண்ணாடி ஜாடி, அதில் டாலர் நோட்டுகள். எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோரும் போட்டார்கள். என்னிடம் டாலரே இல்லை. வழியில் வேறொரு நாட்டில் காபி வாங்கி மிஞ்சிய நாணயங்களைப் போட்டேன். அந்தப் பெண் ஒரு மாதிரியாகச் சிரித்தார். குளியலறையைத் துடைத்துத் துண்டு எடுத்துக் கொடுத்த அம்மாளுக்குக் கொடுக்க அதுவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

திரும்பும்போது டோக்கியோ. இந்தத் தடவை விடக்கூடாது என்று சாப்பிட்ட தட்டுக்கு அடியில் நோட்டு ஒன்றை வைத்துவிட்டுக் கிளம்பினேன். லிஃப்டுக்குப் பக்கத்தில் வரும்போது ஊழியர் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்து, இரண்டு கையாலும் அதைத் திருப்பிக் கொடுத்தார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அம்மாவோ "ஓசியில உட்கார்ந்துட்டு வர்றோம், ஏதாவது கொடுக்கணும்ல" என்கிறார். எது சரி? அடுத்த மாதம் மறுபடியும் அதே வழியில்தான் போகிறோம்.

பதில்:

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். நான் பதினேழு வருடம் விமான நிலைய லவுஞ்சுகளில் வேலை பார்த்தவன். முதலில் தட்டு எடுத்தேன், அப்புறம் பாரில் நின்றேன், கடைசி ஏழு வருடம் மேலாளர். பாரில் நின்ற காலத்தில் எங்கள் மேசைக்கு அடியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கும். ஜாடியில் விழும் வெளிநாட்டு நாணயங்களை எல்லாம் அதில்தான் கொட்டுவோம். பத்துப் பன்னிரண்டு நாட்டு நாணயங்கள் இருக்கும், தூக்க முடியாத கனம். பணம் மாற்றும் கவுண்டர்களில் பொதுவாக நோட்டை மட்டும்தான் வாங்குவார்கள், நாணயத்தைத் தொடமாட்டார்கள். அதனால் அந்த டப்பாவில் விழுந்தது யாருக்கும் பயன்படாமல் அங்கேயே கிடந்தது. அந்தப் பெண் சிரித்த மாதிரியான சிரிப்பை நானே நூறு தடவை சிரித்திருக்கிறேன். அதில் கேலி கிடையாது. "பாவம், இவருக்கும் தெரியவில்லை" என்பதுதான் அதன் அர்த்தம்.

உங்கள் குழப்பத்துக்குக் காரணம், லவுஞ்ச் என்றால் உலகம் முழுக்க ஒரே மாதிரி இடம் என்று தோன்றுவதுதான். அதே சோபா, அதே சூப், அதே காபி இயந்திரம், சில சமயம் வாசலில் அதே நிறுவனத்தின் பெயர். ஆனால் டிப்ஸ் விஷயத்தில் பெயர்ப் பலகையைப் பார்க்காதீர்கள். அந்தக் கட்டடம் எந்த நாட்டில் நிற்கிறது என்று பாருங்கள். வெளியே அந்த ஊர் ஓட்டலில் டிப்ஸ் பழக்கம் உண்டென்றால் லவுஞ்சுக்குள்ளும் உண்டு, கொஞ்சம் குறைவாக. வெளியே இல்லையென்றால் உள்ளேயும் இல்லை. ஒரே நிறுவனத்தின் லவுஞ்ச் அமெரிக்காவில் ஜாடி வைத்திருக்கும், ஜப்பானில் நோட்டைத் திருப்பிக் கொடுக்க ஓடிவரும்.

அடுத்து அம்மாவின் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் அதுதான் வேர். லவுஞ்ச் ஓசி கிடையாது. நீங்கள் வாசலில் கார்டைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் கார்டு நிறுவனமோ, நடுவில் இருக்கும் உறுப்பினர் திட்டமோ, தலைக்கு இவ்வளவு என்று லவுஞ்ச் நடத்துபவருக்குப் பணம் கொடுக்கிறது. அப்படிப்பட்ட உறுப்பினர் திட்டமான பிரயாரிட்டி பாஸ் 1992-ல் தொடங்கியதிலிருந்து இந்த ஏற்பாடு உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அந்தப் பணம் உங்கள் ஆண்டுக் கட்டணத்திலிருந்தும், கார்டு மூலம் நீங்கள் செய்யும் செலவிலிருந்தும் போகிறது. ஆக அம்மா நிம்மதியாக உட்காரலாம், சாப்பிடலாம், இரண்டாவது தடவையும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. "நான்தான் ஏற்கெனவே கட்டிவிட்டேனே, எதற்கு டிப்ஸ்?" என்று கேட்கும் பயணிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கட்டியது உண்மை. அது லவுஞ்ச் நடத்துபவரின் கணக்குக்குப் போகிறது. கோப்பை கழுவுபவருக்கும் ஜூஸ் ஊற்றுபவருக்கும் அன்றைக்கு நூறு பேர் வந்தாலும் அதே கூலி, நானூறு பேர் வந்தாலும் அதே கூலி. அதோடு, விமான நிறுவனத்தின் பெயர் போட்ட லவுஞ்சிலும் உள்ளே வேலை செய்பவர்கள் பல நேரம் அந்த நிறுவனத்தின் ஊழியர்களே கிடையாது. ஒப்பந்தத்துக்கு எடுத்த உணவு நிறுவனமோ, தரைப்பணி நிறுவனமோ அனுப்பிய ஆட்கள். விமான நிறுவன ஊழியருக்குக் கிடைக்கும் இலவசப் பயணம் போன்ற சலுகைகள் இவர்களுக்குப் பெரும்பாலும் கிடையாது. சட்டையில் இருக்கும் சின்னத்தை வைத்துச் சம்பளத்தைக் கணக்குப் போட்டால் ஏமாந்துவிடுவோம்.

சரி, அமெரிக்காவில் மட்டும் ஏன் ஜாடி? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காரணம் தெரிந்தால் எங்கே கொடுக்க வேண்டும் என்பது தானாகவே புரியும்.

அந்த நாட்டில் பயணத் தொழில் வளர்ந்ததே டிப்ஸை நம்பித்தான். அங்கே உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, ஜார்ஜ் புல்மேனின் நிறுவனம் ரயில்களில் படுக்கை வசதியுள்ள பெட்டிகளை ஓட்டியது. அதில் படுக்கை விரிக்கவும் செருப்புத் துடைக்கவும் கறுப்பின மக்களை, அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்டவர்களை, மிகக் குறைந்த கூலிக்கு எடுத்தது. மீதியைப் பயணிகள் கொடுப்பார்கள் என்பதுதான் கணக்கு. அவர்கள் 1925-ல் தொழிலாளர் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் வைத்து, நிறுவனத்துடன் ஓர் ஒப்பந்தம் போட 1937 வரை ஆனது. ரயில் நிலையத்தில் பெட்டி தூக்குகிறவர்களுக்கு வந்த டிப்ஸைக் குறைந்தபட்சக் கூலியில் சேர்த்துக் கணக்குக் காட்டலாமா என்ற வழக்கு அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போய், 1942-ல் முதலாளிகள் பக்கம் தீர்ப்பானது. 1966-ல் ஓட்டல்களுக்கும் உணவகங்களுக்கும் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை நீட்டித்தபோது, கூலியில் ஒரு பகுதியை டிப்ஸில் கழித்துக்கொள்ளலாம் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

அதன் விளைவு இன்றும் இருக்கிறது. அமெரிக்க மத்தியச் சட்டப்படி டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தன் கையிலிருந்து கொடுக்க வேண்டிய கூலி மணிக்கு 2.13 டாலர். 1991-லிருந்து அந்தத் தொகை நகரவே இல்லை. டிப்ஸையும் சேர்த்து மணிக்குக் குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலர் வரவில்லையென்றால் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும், அவ்வளவுதான். எல்லா இடத்திலும் இப்படி என்று எண்ண வேண்டாம். கலிபோர்னியா, வாஷிங்டன், நெவாடா போன்ற சில மாநிலங்களில் இப்படிக் கழித்துக்கொள்ள அனுமதி இல்லை, முழுக் கூலியும் கொடுத்தாக வேண்டும். பல லவுஞ்சுகளில் பார் ஊழியருக்கு 2.13-ஐவிட நல்ல கூலியே கிடைக்கலாம். உங்களுக்கு ஜூஸ் கொடுத்த பெண் எந்த வகை என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழி கிடையாது. ஆனால் பாரில் நின்று ஊற்றிக் கொடுப்பவருக்கு டிப்ஸ் என்பது அங்கே கூலியின் ஒரு பகுதி என்றுதான் ஊரே நினைக்கிறது. ஜாடி அங்கே இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இதையெல்லாம் அங்கே யாரும் எதிர்க்காமல் இல்லை. 1909-ல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸையே தடை செய்து சட்டம் போட்டது, இன்னும் சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1926-க்குள் எல்லாம் ரத்தாகிவிட்டன. சட்டம் போட்டு நிறுத்த முடியாத பழக்கத்தை, நான்கு மணி நேரம் விமானம் மாறுகிற இடைவெளியில் நீங்களும் நானும் நிறுத்தப்போவதில்லை. எனக்கும் இந்த முறை பிடிக்காதுதான். முதலாளி கொடுக்க வேண்டிய கூலியை வாடிக்கையாளர் தலையில் கட்டும் ஏற்பாடு இது என்பதே என் கருத்து. அதற்காக எதிரே நிற்கும் ஊழியரிடம் கொள்கை பேசி, கையை வீசிக்கொண்டு போவது நியாயமாகப் படவில்லை.

அதனால் அமெரிக்காவில் நான் செய்வதைச் சொல்கிறேன். பாரில் ஒருவர் நின்று கலந்தோ ஊற்றியோ கொடுத்தால் ஒரு கோப்பைக்கு 1 டாலர், மெனக்கெட்டுக் கலக்க வேண்டிய பானம் என்றால் 2. ஜூஸோ தண்ணீரோ இரண்டு மூன்று தடவை வாங்கினால் மொத்தத்துக்கும் ஒரு டாலர் போதும். உங்கள் இரண்டு ஆரஞ்சு ஜூஸுக்கு ஒரே ஒரு டாலர் நோட்டு, விஷயம் முடிந்தது. முதல் கோப்பையிலேயே பெரிய நோட்டைக் காட்டிப் போட்டுவிட்டு, பிறகு கோப்பை நிறைய ஊற்றச் சொல்லிக் கண்ணடிப்பவர்கள் உண்டு. பாரில் நின்ற காலத்தில் எனக்கு அவர்களைச் சுத்தமாகப் பிடிக்காது. அது டிப்ஸ் இல்லை, பேரம்.

நீங்களே எடுத்துப் போட்டுக்கொள்ளும் உணவு மேசைக்கும் நீங்களே பட்டனை அழுத்தும் காபி இயந்திரத்துக்கும் எங்கேயும் எதுவும் வேண்டாம். மேசையில் உட்கார வைத்து, என்ன வேண்டும் என்று கேட்டு, தட்டில் கொண்டுவந்து வைக்கும் லவுஞ்சுகள் இப்போது பெருகிவிட்டன. அங்கே வெளி ஓட்டல் மாதிரி பதினைந்து, இருபது சதவீதம் என்று கணக்குப் போட முடியாது, பில்லே கிடையாதே. இரண்டு பேர் முழுச் சாப்பாடு சாப்பிட்டால் மூன்று முதல் ஐந்து டாலர் வைத்துவிட்டு எழுந்திருப்பேன். காசு கொடுத்து வாங்கும் உயர்ரக மது, மசாஜ் போன்றவற்றுக்கு பில் வரும். அந்தச் சீட்டிலோ திரையிலோ டிப்ஸுக்கு ஒரு கட்டம் இருக்கும், அதில் வெளியே கொடுப்பதுபோலவே கொடுக்கலாம். திரை தானாகவே பெரிய சதவீதத்தை முதலில் காட்டும். அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறு தொகை போடவும், ஒன்றும் இல்லை என்று சொல்லவும் அதே திரையில் சின்ன எழுத்தில் இடம் இருக்கும்.

குளியலறை அம்மாளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கு மனதில் நின்றது அந்த வரிதான். ஜாடி வைத்திருக்கும் பார்க்காரருக்கு எல்லோரும் போடுவார்கள், ஏனென்றால் ஜாடி கண்ணில் படுகிறது. முந்தைய ஆள் விட்டுப்போன முடியையும் ஈரத்தையும் துடைத்து, பத்து நிமிடத்தில் அடுத்தவருக்கு அறையைத் தயார் செய்பவர் கண்ணில் படுவதே இல்லை. மேசையில் இருந்து தட்டு எடுப்பவரும் அப்படித்தான். பாரில் விழும் பணம் பார் ஊழியர்களுக்குள்ளேயே பிரிந்துவிடும் இடங்களும் உண்டு, எல்லோருக்கும் பங்கு போகும் இடங்களும் உண்டு. 2018-லிருந்து அமெரிக்கச் சட்டப்படி முதலாளியோ மேலாளரோ அதில் கைவைக்கக்கூடாது. ஆனால் தட்டு எடுப்பவருக்குப் பங்கு கொடுத்தே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. நானே தட்டு எடுத்து ஆரம்பித்தவன் என்பதால் பாரபட்சமாகப் பேசுகிறேனோ என்னவோ, என் கையில் இரண்டே நோட்டு இருந்தால் ஒன்று பாருக்கு, இன்னொன்று குளியலறைக்கு. அங்கே இரண்டு டாலர் கொடுத்தாலும் அழகு.

வரவேற்பு மேசையில் கார்டைப் பார்த்து உள்ளே விடுபவருக்கும், தவறவிட்ட விமானத்துக்கு மாற்று டிக்கெட் போட்டுத் தருபவருக்கும் எந்த நாட்டிலும் பணம் நீட்டாதீர்கள். இருக்கை மாற்றிக் கொடுக்கும் அதிகாரம் உள்ளவர் கையில் நோட்டு வைத்தால் அது பார்ப்பதற்கு வேறு மாதிரி ஆகிவிடும், அவருக்கு வேலையே போகலாம். அவர் நன்றாக உதவினால் சட்டையில் இருக்கும் பெயரையும், தேதி நேரத்தையும் குறித்துக்கொண்டு விமான நிறுவனத்துக்கு நான்கு வரி எழுதுங்கள். சில நிறுவனங்கள் அடிக்கடி பறக்கும் உறுப்பினர்களுக்கு, பிடித்த ஊழியரிடம் கொடுக்கச் சொல்லி நன்றிச் சீட்டுகளையே அனுப்புகின்றன. நான் மேலாளராக இருந்தபோது, பெயர் போட்டு வந்த ஒரு பாராட்டுக் கடிதத்தைக் காட்டி ஒரு பெண்ணுக்குப் பகல் நேர வேலைமுறை வாங்கிக் கொடுத்தேன். அவர் கைக்குழந்தைக்காரர். பத்து டாலர் அந்த வேலையைச் செய்திருக்காது.

இனி வீல்சேர். இதில் மட்டும் நீங்கள் கொஞ்சம் கோட்டைவிட்டீர்கள், ஆனால் தெரியாமல்தான். வீல்சேர் உதவி என்பது சலுகை இல்லை, உரிமை. அமெரிக்காவில் 1986-ல் வந்த சட்டத்தின்படியும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2006-ல் போட்ட விதியின்படியும், அதற்குப் பயணியிடம் கட்டணம் வாங்கக்கூடாது. டிப்ஸ் கேட்பதும் முறையல்ல. யாராவது கையை நீட்டிக் கேட்டால் கொடுக்க மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் கேட்கக்கூடாது என்பதும் எதிர்பார்ப்பு இருக்காது என்பதும் வேறு வேறு. அமெரிக்காவில் வீல்சேர் தள்ளுபவர்களைச் சில ஒப்பந்த நிறுவனங்கள் டிப்ஸ் வாங்கும் ஊழியர் என்ற கணக்கிலேயே வைத்துக் குறைந்த கூலி கொடுத்திருக்கின்றன. உங்களிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை, ஒரு நிமிடம் நின்றார். அதற்கு மேல் அவரால் செய்ய முடியாது. பாதுகாப்புச் சோதனை, நீண்ட நடை, லிஃப்ட் என்று அரை மணி நேரம் அம்மாவைப் பத்திரமாகக் கொண்டுவந்து விட்டவருக்கு அங்கே ஐந்து டாலர் கொடுப்பது வழக்கம். லவுஞ்சில் டிப்ஸுக்கு மொத்தமாகவே ஐந்து டாலர்தான் ஒதுக்க முடியும் என்றால் பாரை விட்டுவிட்டு இவருக்குக் கொடுங்கள் என்பேன்.

ஜப்பான் விஷயம் சுருக்கமானது. அங்கே டிப்ஸ் கிடையாது. லவுஞ்சில், ஓட்டலில், டாக்சியில் எங்கேயும் கிடையாது. நல்ல சேவை என்பது வேலையிலேயே அடக்கம், அதற்குத் தனியாகக் காசு கொடுத்தால் என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியாது. பாரம்பரிய விடுதிகளில் உறைக்குள் வைத்துக் கொடுக்கும் ஒரு பழக்கம் உண்டு, ஆனால் வெறும் நோட்டைக் கையில் நீட்டுவது அங்கேகூட நாகரிகமாக இருக்காது. உங்கள் தட்டுக்கு அடியில் இருந்த நோட்டை அந்த ஊழியர் டிப்ஸ் என்று நினைத்து மறுத்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. வயதான அம்மாவுடன் வந்தவர் அவசரத்தில் பணத்தை மறந்து வைத்துவிட்டார் என்று நினைத்துத்தான் பெரும்பாலும் ஓடிவந்திருப்பார். அதில் அவமானம் எங்கே இருக்கிறது? லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களும், தொலைந்த பொருள் கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இடைப்பட்ட நாடுகள்தான் நிறைய. பிரான்சில் பட்டியலில் போட்டிருக்கும் விலைக்குள்ளேயே சேவைக் கட்டணம் அடக்கமாக இருக்க வேண்டும் என்பது விதி, அதனால் லவுஞ்சில் யாரும் உங்கள் கையைப் பார்ப்பதில்லை. பிரிட்டனில் பாரில் கோப்பைக்கு ஒரு காசு என்ற வழக்கமே இல்லை. பிரியப்பட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். 2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் ஊழியருக்கென வந்த டிப்ஸை முதலாளி ஒரு காசு பிடிக்காமல், அடுத்த மாத முடிவுக்குள் அவர்களிடம் சேர்த்துவிட வேண்டும் என்று சட்டம் அமலில் இருக்கிறது. அங்கே கார்டில் கொடுக்கிற டிப்ஸும் உரியவர் கைக்குப் போய்விடும்.

அப்புறம், "கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்லியாக வேண்டும். நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த லவுஞ்சில் ஊழியர் யாரும் பயணியிடம் பணம் வாங்கக்கூடாது என்று விதி. வாங்கினால் பதிவேட்டில் பெயர் ஏறும், மூன்று தடவை ஏறினால் வீட்டுக்கு. என்னோடு தட்டு எடுத்த ஒருவரின் சட்டைப் பையில், வழக்கமாக வரும் பயணி ஒருவர் பாசத்தோடு நோட்டைச் செருகிவிட்டுப் போய்விட்டார். அந்த ஊழியர் வேண்டாம் வேண்டாம் என்று பின்னால் போனது கேமராவில் தெரியவில்லை, பையில் நோட்டு இருந்தது மட்டும் தெரிந்தது. பெயர் ஏறியது. கொடுத்தவருக்கு இன்றுவரை விஷயமே தெரியாது. அதனால்தான் ஒருவர் ஒரு தடவை வேண்டாம் என்றாலே நான் கையை இழுத்துக்கொள்வேன். "பரவாயில்லை, வைச்சுக்கோங்க" என்று திணிப்பதை நம் பக்கம் பாசம் என்று எடுத்துக்கொள்கிறோம். யூனிஃபார்ம் போட்டு நிற்பவருக்கு அது தலைவலி.

தெரியாத ஊரில் எப்படிக் கண்டுபிடிப்பது? பார் மேசையில் ஜாடியோ, கொடுக்கும் சீட்டில் டிப்ஸ் கட்டமோ இருந்தால் அங்கே வாங்குவார்கள். ஒன்றுமே கண்ணில் படாவிட்டால் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் வரவேற்பு மேசையில் நேரடியாகக் கேட்டுவிடலாம், "இங்கே டிப்ஸ் வாங்க அனுமதி உண்டா?" என்று. என்னிடம் அப்படிக் கேட்டவர்களை நான் ஒருநாளும் தாழ்வாக நினைத்ததில்லை. சொல்லப்போனால் கேட்காமல் போகிற நூறு பேரில் அந்த ஒருவர்தான் நினைவில் நிற்பார். யாராவது உங்களை விருந்தினராக உள்ளே அழைத்துப்போனால் இந்தக் கவலையே வேண்டாம், அழைத்தவர் பார்த்துக்கொள்வார். உங்களுக்கு மனம் கேட்கவில்லை என்றால் உங்கள் கோப்பைக்கு மட்டும் போடுங்கள், அவருடையதற்கும் சேர்த்துப் போட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

கையில் அந்த ஊர்ப் பணம் இல்லையென்றால்? கொடுக்காதீர்கள். அவ்வளவுதான். நாணயம் போடுவதைவிட ஒன்றும் போடாமல், ஊழியர் முகத்தைப் பார்த்து "கையில் காசு இல்லை, ரொம்ப நன்றி" என்று சொல்வது மேல். தினமும் பாதிப் பேர் கையில் நோட்டு இல்லாமல்தான் வருகிறார்கள், கார்டும் போனும் வந்த பிறகு இன்னும் அதிகம். டிப்ஸ் கொடுக்காதவரைவிட, காதில் போனை வைத்துக்கொண்டு விரலால் கோப்பையைத் தட்டிக் காட்டுகிறவர் மேல்தான் எங்களுக்குக் கோபம் வரும். காலி கோப்பையை மேசை ஓரத்தில் நகர்த்தி வைத்தாலே தட்டு எடுப்பவருக்குக் குனிகிற வேலை மிச்சம். மற்றபடி, மிஞ்சிய வெளிநாட்டு நாணயங்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. யுனிசெஃப் 1987-லிருந்து விமான நிறுவனங்களோடு சேர்ந்து அதைச் சேகரிக்கிறது. சில விமானங்களில் அதற்கென்று ஓர் உறை கொடுப்பார்கள், அதில் போட்டுவிடுங்கள்.

அடுத்த மாதப் பயணத்துக்கு இப்படிச் செய்யுங்கள். புறப்படுவதற்கு முன் பணம் மாற்றும்போது ஐந்து டாலர் நோட்டு இரண்டும் ஒரு டாலர் நோட்டு ஐந்தாறும் கேட்டு வாங்குங்கள். பெரிய நோட்டாகத் தள்ளப் பார்ப்பார்கள், விடாதீர்கள். அவற்றைப் பர்ஸில் மற்ற பணத்தோடு கலக்காமல், போர்டிங் பாஸ் வைக்கும் பையில் தனியாக வையுங்கள். அவசரத்தில் அம்மாவையும் பிடித்துக்கொண்டு பர்ஸைத் திறந்து தேடுகிற வேலை இருக்காது. விமானத்திலிருந்து லவுஞ்சுக்குத் தள்ளிவந்தவருக்கு ஒரு ஐந்து, லவுஞ்சிலிருந்து அடுத்த விமானத்துக்குத் தள்ளிப்போகிறவருக்கு இன்னொரு ஐந்து. அவர் பெரும்பாலும் வேறு ஆளாகத்தான் இருப்பார். ஜாடியில் ஒன்று, குளியலறையில் இரண்டு. நோட்டை மடித்து ஒளித்துக் கொடுக்க வேண்டாம், சாதாரணமாக நீட்டி நன்றி சொன்னால் போதும். இதை அம்மா கையால் கொடுக்கச் சொன்னால் ஓசியில் உட்கார்ந்திருக்கிறோம் என்ற அவருடைய கூச்சமும் போய்விடும். மீதி நோட்டுகள் தம்பி வீட்டில் இருக்கும்போது செலவாகிவிடும், திரும்பும் வழியில் டோக்கியோவில் பையைத் திறக்கவே வேண்டாம்.